அரைத் தட்டுச் சோறு

ஒருவர் தன் மனைவிக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்து நான் அலறியிருக்கிறேன். எங்கள் எதிர் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இடது கையில் அக்காவின் கொண்டையைச் சுருட்டிப் பிடித்து முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார் அவர். வலது கை தட்டிலிருந்து சோற்றை அள்ளி அள்ளி அவள் வாய்க்குள் திணித்தது. கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சூடான சோறு. அவள் பல்லைக் கடித்தபோது கட்டைவிரலால் உதட்டைப் பிளந்து திணித்தார். உதடு கிழிந்து, மோவாயில் வழிந்ததில் குழம்பு எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. "துன்னு. யாருக்குக் காட்றதுக்குடி இளைக்கிற? துன்னு!" என்று ஒவ்வொரு கவளத்துக்கும் கேட்டார். அவளுடைய மாமியார் கதவோரம் நின்று, "சோத்த வேணான்ற பொம்பள வூட்டுக்கு ஆவாதுடா" என்றாள். கறிவேப்பிலை கேட்கப் போனவள் நான். அலறிவிட்டு, வெறுங்கையோடு ஓடிவந்து என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்காவுக்கும் எனக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. சாலவாக்கம் பக்கத்து ஊருக்கு நான் கல்யாணமாகி வந்தபோது எதிர் வீட்டில் இருந்தாள், அக்கா என்றேன். அதனால் அவள் புருஷன் எனக்கு மாமா. மாமாவுக்கு ஜல்லி ஏற்றும் டிப்பர் லாரி இரண்டு இருந்தன. ஒன்றை அவர் ஓட்டினார், இன்னொன்றை என் வீட்டுக்காரர் ஓட்டினார். அக்காவும் நானும் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். போனால் பொழுதெல்லாம் மிஷினில் உட்கார்ந்து மேல்தோல் தைக்க வேண்டும். எழுந்து நிற்பதே கக்கூசுக்குப் போகத்தான். களை எடுத்து, நாற்று நட்டு வளர்ந்த உடம்புகள் எங்களுடையவை. பத்து வருடம் உட்கார்ந்ததில் அக்காவுக்கு இடுப்பு பெருத்து, கழுத்தைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தது. அழுக்கு என்று நினைத்துப் காய்ந்த பீர்க்கங்கூட்டால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அது அழுக்கில்லை என்று சொன்னது கம்பெனிக்கு வந்த மெடிக்கல் கேம்ப் டாக்டரம்மாதான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சுகர் இன்னும் வரல. வரப்போற எடத்துல இருக்கீங்க. சோத்தைப் பாதியாக்குங்க, காயும் பருப்பும் கூட்டுங்க, டீயில சர்க்கரையை நிறுத்துங்க, தினம் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. மாத்திரையே இல்லாம திரும்பிடலாம்" என்றார். எங்களில் நான்கைந்து பேருக்கு அதே பதில் வந்தது. மற்றவர்கள் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு அன்று சாயங்காலமே பஜ்ஜி தின்றார்கள். அக்கா மட்டும் பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அவளுடைய அம்மா சுகரில் செத்தவள். முதலில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. மூன்று வருடம் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியவள் அக்கா. "அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல கீதுடி. எம் பொண்ணு என்னாண்ட ஒக்காந்து அதக் கழுவக் கூடாது" என்று இறங்கும்போது சொன்னாள்.

மறுநாளே ஆரம்பித்தாள். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும். மத்தியானம் அரைத் தட்டுச் சோறு, மீதி அரைத் தட்டில் கொத்தவரங்காயோ கீரையோ. மகள் மிச்சம் வைத்ததை வழித்து வாயில் போடும் பழக்கத்தை விட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்பாள். கம்பெனியில் கழித்துப்போட்ட கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கி, விடிவதற்கு முன்பே ஏரிக்கரைமேல் நடந்தாள். நானும் துணைக்குப் போனேன். மதகு வரை போய்த் திரும்ப ஒரு மணி நேரம். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, கையை வீசி அவள் நடப்பதைப் பார்த்து மாடு ஓட்டிவந்தவர்கள் சிரித்தார்கள். வேலைக்கு நடக்கிற பெண்ணை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. எங்கும் போகாமல் நடக்கிற பெண்ணைப் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் அவள் முகம் வற்றி, கன்ன எலும்பு தெரிந்தது. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். டீக்கடையில் யாரோ மாமாவிடம், "இன்னா மாமே, உன் பொண்டாட்டி கல்யாணப் பொண்ணு மாரி ஆயிட்டாங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் அவர் சோறு ஊட்டியது.

மறுநாள் விடியலில் அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வீங்கிய உதட்டோடு என் வாசலில் நின்று, "வரியா, நான் போவட்டா?" என்றாள்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியிருந்த ஒரு காலை. மதகருகே திரும்பும்போது பின்னால் மோட்டார் பைக் சத்தம் கேட்டது. மாமா வண்டியைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கினார். "எவன்டி? எங்க ஒளிச்சி வெச்சிக்கீற?" என்று கேட்டுக்கொண்டே, கீழே விழுந்து கிடந்த பனைமட்டை ஒன்றை எடுத்தார். பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் போலக் கருக்கு இருக்கும். முதல் அடியைக் கையில் வாங்கினாள். இரண்டாவது நெற்றியில் விழுந்து இழுத்தது. தோல் மூன்று கோடாகக் கிழிந்து தொங்கியதை நான் பார்த்தேன். கீழே விழுந்தவளை வயிற்றில் உதைத்தார். நான் மதகுச் சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓட்டிவரும் லாரிக்கு ஜோடி லாரிதானே என் வீட்டில் அடுப்பெரிய வைத்தது? அப்போது அதை யோசித்தேனா, வெறும் பயம்தானா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

அடித்துக் களைத்ததும் அவரே பயந்துபோனார். என்னைக் கூப்பிட்டு, அவளை நடுவில் உட்காரவைத்து, நான் பின்னால் பிடித்துக்கொள்ள மூன்று பேரும் பைக்கில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் ரத்தம் என் மடியெல்லாம் சூடாக நனைத்தது. "இவளுக்குச் சுகர் கீது சிஸ்டர், சரியா துன்ன மாட்டா, மயங்கி வுழுந்துட்டா" என்றார் மாமா. நர்ஸ் அக்காவின் விரலைக் குத்திக் கருவியில் பார்த்தார். "நூத்திப் பதினெட்டு. இதுல யாரும் மயங்கி வுழ மாட்டாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கூட இருந்தியாம்மா? இன்னா நடந்துது?"

மாமா என்னைப் பார்த்தார். அக்காவும் ஒரு கண்ணால் பார்த்தாள். இன்னொரு கண் வீங்கி மூடியிருந்தது.

"மயங்கிதான் வுழுந்தாங்க சிஸ்டர்" என்றேன்.

ஏழு தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு நான் நடக்கப் போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். பத்து நாள் கழித்துக் கட்டோடு அவள் தனியாக ஏரிக்கரைப் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வாசலில் நிற்கவில்லை. எனக்கு அப்போது வந்தது இரக்கம்கூட இல்லை, எரிச்சல்தான். அடிக்கிறவனிடம் கொஞ்சம் சோற்றைத் தின்றுவிட்டால் என்ன, இவளுக்கு இத்தனை பிடிவாதம் எதற்கு என்று அவள்மேல்தான் கோபப்பட்டேன். நான் சொன்ன பொய்யைத் தாங்க எனக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது.

போகிப் பண்டிகை அன்று எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பழைய பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. பொழுது பலபலவென்று விடியும் நேரம், தெருவெல்லாம் புகை. நான் குழாயடியில் குடத்தை நிரப்பித் தூக்கியபோது மாமா அக்காவின் ஷூக்களைக் கொண்டுவந்து நெருப்பில் வீசினார். "பழசக் கொளுத்தற நாளு" என்று சிரித்தார். ரப்பர் நாற்றம் எழுந்தது. அக்கா ஒரு குச்சியால் ஷூவை வெளியே இழுக்கக் குனிந்தாள். மாமா அவள் கணுக்காலைப் பிடித்து வாரிவிட்டார். மல்லாக்க விழுந்தவளின் வலது காலைத் தூக்கி, "நடக்கற காலு இதுதான? இதுதானடி?" என்று கேட்டபடி தணலில் வைத்து, முட்டியால் அழுத்தினார். அவள் கத்திய கத்தலில் மேளம் கொட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். தெருவில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் நகரவில்லை.

நான் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. குடத்துத் தண்ணீரை நெருப்பில் கொட்டினேன். காலியான எவர்சில்வர் குடத்தைக் கழுத்தோடு பிடித்து அவன் பிடரியில் அடித்தேன். அவன் திரும்பினான். முகத்தில் அடித்தேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. "மாமா" என்ற சொல் அந்த இடத்தில் போயிற்று. மூன்றாவது அடிக்குக் குடம் நசுங்கிவிட்டது. நசுங்கிய குடத்தால் மேலும் அடித்தேன். பெண்கள் வந்து பிடிக்காவிட்டால் நிறுத்தியிருக்க மாட்டேன். அடிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அவ புருஷன் கால நெருப்புல வெச்சி அமுக்கனான் சிஸ்டர். அன்னிக்கி மண்டைய ஒடச்சதும் அவன்தான். நான் பாத்தேன். பொய் சொல்லிட்டேன்." அவர் எழுதிக்கொண்டார். மகளிர் காவல் நிலையத்திலும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவனை அன்றைக்கே பிடித்துப் போனார்கள். என் வீட்டுக்காரருக்கு லாரி வேலை போயிற்று. "எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு அடிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டார். "சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?" என்றேன். ஒரு வாரம் கழித்து ஜல்லி உடைக்கும் கிரஷர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

அக்கா வலியைப் பற்றி டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. "கால எடுத்துருவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சுகரே இல்லையேம்மா. அளவு சரியா இருக்கு. நேரமாகும், ஆனா ஆறும்" என்றார். அக்கா அப்போதுதான் அழுதாள். போகிக்கு வெந்த கால் பங்குனிவரை இழுத்தது. ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் குனிந்து மோந்து பார்ப்பாள். ஓரத்திலிருந்து மெதுவாக இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்தது. அம்மாவுக்கு வராத சதை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அரைத் தட்டுக்கு மேல் சோறு வாங்கவில்லை.

இப்போது அவள் மகளோடு டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் வெளியே வந்து, லாரி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். வலது பாதத்தில் தோல் இறுகிப்போனதால் அக்கா ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள். ஆனாலும் தினம் நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பஸ் ஏறிப் போய் அவளோடு நடக்கிறேன். போன மாதம் ஒரு நாள், நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "யக்கா, அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் அப்டி சொன்னனே..."

அவள் நிற்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அத நான் மறக்கலடி. மறக்கவும் மாட்டேன்" என்றாள். நாலடி போனபிறகு, "ஏன் பின்னால வர? கூட வந்து நட" என்றாள்.