எதிர்க்கடையில் அம்மா

நேற்று பேருந்து நிலையத்தில் தேங்காய் எண்ணெயில் வாழைக்காய் பொரியும் வாசனை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். இப்போது லாட்ஜ் இருக்கிற இடத்தில்தான், தேரடித் தெருவில், எங்கள் பொரிக்கடை இருந்தது. எதிரில் கேரளத்திலிருந்து வந்தவரின் சிப்ஸ் கடை. அப்பா மதியமானால் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவார். அங்கேயோ கடைக்காரர் வறுத்தெடுக்க, அவர் மனைவி அடுப்போரம் நின்று காயைச் சீவிச் சீவி நேராக எண்ணெயில் விட, சளசளவென்ற சத்தமும் ஓயாது, கூட்டமும் ஓயாது.

"பொண்டாட்டிய கடையில நிக்க வெச்சிப் பொழைக்கிறான். நம்ம வூட்டுப் பொம்பள கடைப்படி ஏறமாட்டா," என்பார் அப்பா. எனக்கும் அதில் ஜாஸ்தி பெருமை.

ஒரு மதியம், அப்பா குறட்டை விடும்போது, அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மலையாளத்தம்மா தோலுரித்துக் கொடுக்க, அடுப்போரம் முந்தானையைச் செருகிக்கொண்டு காய் சீவியது என் அம்மா. அப்பாவுக்குத் தெரிந்தால் அவளை வீட்டில் சேர்க்கமாட்டார்.

"உங்கப்பா எழுந்துட்டாரா?" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல்.

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்டி மரமாட்டம் நிக்கிற? எண்ணெயில தெளிக்க அந்த உப்புத் தண்ணிய எடுத்துக் குடு."