பெட்டிக் கணக்கில் கழுவிய படம்

இருட்டறையில் எங்களுக்குக் கடிகாரம் கிடையாது. அக்காவின் கைதான் கடிகாரம். அந்தக் கை தவறும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு மில்லில் எனக்கு வேலை. பழைய கேமரா ஒன்று கைக்கு வந்திருந்தது. ஊர் ஸ்டுடியோவில் எல்லா முகத்துக்கும் ஒரே மாதிரி மாவு பூசிவிடுகிறார்கள் என்று எனக்குக் கோபம். அதனால் ஃபிலிமை நானே வீட்டில் கழுவத் தொடங்கினேன். தண்ணீர் இன்ன குளிர்ச்சியில் இருந்தால் இத்தனை நிமிடம் என்று டெவலப்பர் மருந்துப் பொட்டலத்தில் அச்சடித்திருக்கும். அந்தக் குளிர்ச்சி எங்கள் ஊருக்கு மார்கழி விடியற்காலையில்கூட வராது. அதை அச்சடித்தவனைச் சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் ஒரு நாள் நிறுத்திவைக்க வேண்டும். பானைத் தண்ணீரும் ஈரச்சாக்கும் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கான நேரத்தை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பருத்தி போட்டுவைக்கும் உள்ளறைக்கு ஜன்னல் இல்லை. கதவிடுக்கில் சாக்கைத் திணித்தால் நடுப்பகலிலும் கண் தெரியாது. முதல் ரோலை அப்பாவின் ரேடியம் கைக்கடிகாரம் கெடுத்தது. முள்ளின் பச்சை மினுக்கத்துக்குப் பக்கத்திலேயே ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்தேன். அந்த வெளிச்சம் பட்டு ஃபிலிம் பூராவும் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள் அவள். எங்கள் தெருப் பெண்களைப் போல வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டுவாள். மெல்லிய மரத்தகட்டை மடித்து, பசை தடவிய நீலத்தாளைச் சுற்றி, ஓரத்தை உள்ளே தள்ளினால் ஒரு பெட்டி. பேசிக்கொண்டே ஒட்டுவாள், தூங்கி வழிந்துகொண்டும் ஒட்டுவாள். வேகம் மட்டும் மாறாது.

"ஏலே, நான் உள்ள வந்து பெட்டி ஒட்டுதேன். எத்தன பெட்டிக்குப் படம் நல்லா வருதுன்னு நீ பாத்துக்கோ," என்றாள்.

அப்படித்தான் எங்கள் கணக்கு பிறந்தது. நான் ஃபிலிமின் இரண்டு முனையையும் பிடித்துத் தட்டில் ஏற்றி இறக்குவேன். அவள் இருட்டில் ஒட்டியபடி எண்ணுவாள். களத்தில் தானியம் அளக்கிற மாதிரி, ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்றுதான் தொடங்குவாள். லாபம், ரெண்டு, மூணு. பல ரோல்களைப் பாழாக்கிய பிறகு பிடிபட்டது. கோடையில் பத்துப் பெட்டி, மார்கழியில் பதினாறு. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்காது. எனக்கு அதில் தலைகொள்ளாத பெருமை.

இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஃபிலிம் கருக்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, அடுத்தடுத்து அதிகமாக. மருந்தில் நேரம் கூடிப்போனால் அப்படிக் கருக்கும். பெட்டிக் கணக்கு சரியாக இருந்ததால் உப்புத் தண்ணீரைத் திட்டினேன். டெவலப்பர் விற்ற மதுரைக் கடைக்காரரைத் திட்டினேன். பானையை மாற்றினேன்.

அந்தச் சமயத்தில் கயத்தாறுப் பக்கம் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் அக்காவின் படம் கேட்டார்கள். எத்தனையோ வரன்கள் தட்டிப்போயிருந்தன. இது கூடிவர வேண்டும் என்று அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டாள். "ஸ்டுடியோவுக்கு வரமாட்டேன். என் தம்பி எடுக்கட்டும்," என்றாள் அக்கா. வெள்ளிக்கிழமை மாட்டுக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து எடுத்தேன். ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் உள்ளறைக்குப் போனோம்.

சரியாகப் பத்தாவது பெட்டியில் ஃபிலிமை எடுத்து, மேற்கொண்டு கருக்காமல் நிறுத்தும் ஹைப்போவில் போட்டேன். கதவைத் திறந்து வெயிலில் பிடித்தால் கரிக்கட்டை. ஆத்திரத்தில் திரும்பிய எனக்கு அக்காவின் முன்னால் கிடந்த பெட்டிகள் கண்ணில் பட்டன. ஒன்றுகூடச் சதுரமாக இல்லை. ஓரம் பிய்ந்து, பசை வழிந்து கிடந்தன.

"என்னக்கா இது?"

"வலது கையில ரெண்டு வெரலு மரத்துப் போச்சுலே. பசையத் தொடுதனா இல்லையான்னே தெரியல. இன்னைக்குக் காலையில இருந்துதான். சரியாயிரும்."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சால் கையைத் தொட்டுத் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். இருட்டிலேயே அத்தனை பெட்டி ஒட்டிய அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. முழங்கையில் இருந்த வெளிறிய தேமலையும் பார்த்துவிட்டு, "தொழுநோய்தாம்மா. மாத்திரையை விடாமச் சாப்பிட்டா குணமாயிரும், பயப்படாதீங்க," என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கருத்துப்போன ஃபிலிம்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தண்ணீரும் மருந்தும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கின்றன. அக்காவின் கைதான் மாதாமாதம் மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது.

டாக்டர் சொன்னபடி நோய் குணமாகத்தான் செய்தது. ஆனால் அதற்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. கயத்தாற்றிலிருந்து யாரும் படம் கேட்டு மறுபடி ஆள் அனுப்பவில்லை. பெட்டிக்குத் தகடும் தாளும் கொண்டுவருகிறவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டில் இறக்கினார். அம்மா விளக்கேற்றுவதை விட்டுவிட்டாள்.

அடுத்த தைக்கு அக்காவே கேட்டாள். "அந்தப் படத்தப் போட்டுக் குடுலே. ஆருக்கும் குடுக்கதுக்கு இல்ல. எனக்குத்தான்."

ஃபிலிம் மாதிரி இல்லை, பிரிண்ட் தாளுக்குப் பக்கத்தில் சிவப்பு பல்ப் எரியலாம். அந்த வெளிச்சத்தில் அக்கா என் எதிரே உட்கார்ந்தாள். அவ்வளவு கருத்த ஃபிலிமுக்கு விளக்கை நெடுநேரம் காட்ட வேண்டியிருந்தது. தாளைத் தட்டில் போட்டதும், பெட்டி இல்லாமல் வாயால் மட்டும் எண்ணத் தொடங்கினாள். லாபம், ரெண்டு, மூணு.

முதலில் கூந்தல் வந்தது. பிறகு சேலைக் கரை, நாற்காலிக் கால். கடைசியாக முகம், என்னைப் பார்த்துச் சிரித்தபடி. மடியில் இடது கை மட்டும் இருந்தது. வலது கையைக் காணோம். குனிந்து பார்த்தேன். முந்தானைக்குள் சொருகி, மேலே ஒரு மடிப்பையும் இழுத்துவிட்டிருந்தாள். அது வெள்ளிக்கிழமை எடுத்த படம். விரல் மரத்தது ஞாயிறு காலையிலிருந்துதான் என்று சொல்லியிருந்தாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. 

அக்கா எண்ணுவதை நிறுத்தவில்லை. வலது கை அப்போதும் முந்தானைக்குள்தான் இருந்தது.