கடைசி மூன்று வரி

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை இரண்டு பாஷையில் ஒரே நேரத்தில் சொல்வோம். சிங்களத்தார் அவர்கள் பாஷையில், நாங்கள் தமிழில். தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து ஒரு காலத்தில் நாலு பெஞ்சு நிறைய வருவோம். பிள்ளைகள் வேலைக்குக் கொழும்புக்குப் போனார்கள். சிலர் கைதட்டிப் பாடும் புதுச் சபைக்குப் போனார்கள். அங்கே பிரமாணமெல்லாம் கிடையாதாம். கடைசியில் மிஞ்சியது நானும் என் வீட்டுக்காரரும்தான்.

அவர் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை. பிரமாணத்தையும் வார்த்தை வார்த்தையாக நிறுத்தித்தான் சொல்வார். சிங்களத்தார் முடித்துவிட்டு, ஆமென் சொல்லாமல் எங்களுக்காக நிற்பார்கள். அதனால் கடைசி மூன்று வரியை எப்போதும் நாங்கள் இருவர் தனியாகவே சொல்வோம். உள்ளதைச் சொன்னால், அவர் சொல்வார், நான் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போவேன். வாரம் முழுக்க ரப்பர் பால் வெட்டிய அசதியில், எப்போது உட்காரலாம் என்றுதான் எனக்கு இருக்கும்.

போன மாசம் அவரை அடக்கம் பண்ணினோம். அடுத்த ஞாயிறு போதகர் வாசலிலேயே கேட்டார்.

"அம்மா, தனியா சொல்றது கஷ்டமா இருந்தா, இனிமே சிங்களத்துல மட்டும் சொல்லிருவமா?"

"இன்னைக்கு ஒரு நாள் பாப்போங்க," என்றேன். வீம்பெல்லாம் இல்லை. சரி என்றால் அதோடு தமிழ் நின்றுவிடும் என்று தெரியும். அதை முடிவு செய்யக்கூட என்னிடம் தெம்பில்லை.

முக்கால்வாசி சமாளித்துவிட்டேன். சிங்களத்தார் முடித்துவிட்டு நின்றார்கள். மரித்தவர்களின் சரீரம் எழும்பும் என்கிற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. நாற்பது வருஷம் மலை ஏறி இறங்கித் தேய்ந்த உடம்பு அவருடையது. இப்போதுதான் படுத்திருக்கிறது, அதைப் போய் எழுப்புவானேன் என்று கோபம் வந்தது. கடவுள் மேல்தான் கோபம்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. முன் பெஞ்சில் ஒரு சிங்கள அம்மா, முன்பு தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அவர் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பாமலே அந்த வரியைத் தமிழில் சொன்னார். பின்னாலிருந்து இன்னும் சில சிங்களக் குரல்கள் சேர்ந்துகொண்டன. இத்தனை வருஷம் காத்து நின்றதில் அந்த மூன்று வரி மட்டும் அவர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் இழுக்கிற இடத்தில் இழுத்துச் சொன்னார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி வரியும் முடிந்த பிறகு, நான் ஆமென் சொல்வதற்காக எல்லோரும் நின்றார்கள். சொன்னேன்.