ஏழு அளவில் ஓர் உடுப்பு

சல்லடை என்பது அந்த அம்மையாருக்குத் தொழில் வட்டாரம் இட்ட பெயர். உல்லாசப் படகுகளுக்குப் பணியாளர் தேடித் தரும் அலுவலகம் ஒன்றை, பெயின்ட் கடையின் மாடியில் இரண்டே அறைகளில், பதினான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறார். வேலை கேட்டு வருபவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, அரைமணி கழித்து அதையே வேறு பேச்சின் நடுவே மீண்டும் கேட்பார். தம் கணவரைப் பற்றி மூவரிடம் விசாரித்த பின்னரே மணந்தார் என்பார்கள். அந்த மூவரைப் பற்றி வேறு இருவரிடம் விசாரித்தாராம்.

இந்த ஐயம் பிறவிக் குணம் அன்று. இளமையில் படகுகளின் சலவை அறைகளில் பதினோராண்டு உழைத்தவர் அவர். முதற்படகில், பக்கத்துப் படுக்கையில் உறங்கிய தோழியின் இரண்டு விரல்களை, மூடியில்லாத கயிறு சுற்றும் எந்திரம் வாங்கிக்கொண்டது. இருவரையும் அங்கே அனுப்பிவைத்த முகவரை அழைத்தபோது, அப்படியோர் எண்ணே இல்லை என்று தொலைபேசி சொல்லிற்று.

படகு வணிகக் கண்காட்சியில் ஆண்டுதோறும் அவருக்குக் கடைசி வரிசையில்தான் இடம். எதிர்க்கடை, போட்டி முகவர் முத்துப்பல்லுடையது. வருவோர் போவோர்க்கெல்லாம் பல்வரிசை முழுவதையும் காட்டியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்.

மூன்றாம் நாள் பிற்பகல் நான்கு மணிக்கு, வெள்ளைச் சட்டையணிந்த கேப்டன் ஒருவர் வந்தார். அவருடைய ஐம்பது மீட்டர் படகு எதிரே துறையில் நின்றது. இரண்டாம் இன்ஜினியர் ஒருவர் வேண்டும். மறுநாள் காலையே புறப்பாடு. மாலை ஆறு மணிக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும்.

கடையில் உடன் உட்கார்ந்திருந்த அம்மையாரின் தம்பி எழுந்து நின்றுவிட்டார். தேர்ந்த எந்திர வல்லுநர். ஏழு மாதமாகக் கரையில் இருக்கிறார். இடையில் வந்த இரண்டு படகுகளை அக்காளே வேண்டாம் என்று தள்ளியிருந்தார்.

"அக்கா, இதையும் கெடுத்துடாத. வீட்ல அவ பேசறதையே நிறுத்திட்டா."

"பேசாத பொண்டாட்டி கிடைக்க ஊரே தவம் கிடக்குது. வாடா, முதல்ல படகைப் பார்ப்போம்."

ஏறுபலகையின் அடியில் இருந்த கூடையில் மூவரும் காலணிகளைக் கழற்றிப் போட்டனர். கேப்டன் கூடத்தைக் காட்டினார்: பளிங்குத் தரை, பால்நிற இருக்கை. தம்பியின் முகம் மலர்ந்தது. அம்மையார் கூடத்தை நிமிர்ந்தும் பாராமல், "சலவை ரூம் எங்க இருக்கு?" என்றார்.

"அங்க என்ன மேடம் பார்க்கப் போறீங்க?"

"துணியைத்தான்."

கீழ்த்தளத்துச் சிற்றறையில் ஒரு பெண் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்தார் அம்மையார். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீல வேலையுடுப்புகள் ஏழு தொங்கின. ஏழின் மார்பிலும் 'இரண்டாம் இன்ஜினியர்' என்றே நூல் வேலை. ஒன்று ஒல்லியான ஆளுக்கானது. ஒன்றில் இருவர் புகலாம். கழுத்துப்பட்டியின் விறைப்பு ஒன்றிலும் தளரவில்லை. இரண்டு மூன்று சலவைக்கு மேல் கண்டிருக்காது. ஆயினும் ஏழின் முழங்காலிலும் எண்ணெய்க்கறை.

"இதெல்லாம் யாரோடது தாயி?"

அந்தப் பெண் வாசலில் நின்ற கேப்டனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஸ்பேர், மேடம்."

"ஸ்பேர்னா ஒரே அளவுல இருக்கணும். இது ஏழு உடம்பு, ஏழும் வேலை பார்த்து சீக்கிரமே கழட்டிட்டுப் போனது."

"கம்பெனி மொத்தமா தைச்சு அனுப்பும்" என்று கேப்டன் சிரித்தார். "நீங்க ரொம்ப சந்தேகப்படறீங்க."

"என் தொழிலே அதுதான் சார். கடைசியா இதைப் போட்டிருந்தவர் நம்பர் குடுங்க."

கடைக்குத் திரும்பியதும், கேட்ட எண்ணைக் கேப்டன் தடையின்றிக் கொடுத்து, தாமும் அருகிலேயே அமர்ந்தார். அவ்வளவு எளிதில் கொடுத்ததே அம்மையாருக்கு உறுத்தியது. எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்து அழைத்தார். முதல் மணியிலேயே ஒரு குரல் எடுத்தது.

"அருமையான படகுங்க. கேப்டன் தங்கமான மனுஷன். ரெண்டு வருஷம் இருந்தேன்."

தம்பி அக்காளைப் பார்த்து, 'கேட்டாயா' என்பதுபோல் கண்ணை உருட்டினார்.

"இப்ப எங்க தம்பி இருக்கீங்க?"

"வேற கப்பல்ல. நடுக்கடல்ல இருக்கேன், நாலு பக்கமும் தண்ணி."

அப்போது கண்காட்சி மண்டபத்தின் கூரையிலிருந்த ஒலிபெருக்கிக் குழாய் கரகரத்தது: மூன்றாம் வாசலை மறித்து நிற்கும் மஞ்சள் வேனை உடனே அப்புறப்படுத்துமாறு அறிவிப்பு. அதே அறிவிப்பு, அதே கரகரப்புடன், கைபேசிக்குள்ளிருந்தும் வந்தது.

"நடுக்கடல்ல மஞ்சள் வேன் வழியை மறிக்குதா தம்பி?" என்றார் அம்மையார். "பார்த்து ஓட்டச் சொல்லுங்க."

இணைப்பு அறுந்தது. கேப்டன் எழுந்தார். ஒப்பந்தத்தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேரே முத்துப்பல்லின் கடைக்குப் போனார். சிறிது நேரத்தில் முத்துப்பல் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்ஜினியர் சார், உங்க அக்கா வேண்டாம்னா நான் இருக்கேன். வாங்க, ஆறு மணி ஆகப்போகுது."

தம்பி நடைபாதையின் நடுவில் போய் நின்றார். அக்காள் தடுக்கவில்லை, தடுத்தால் போய்விடுவான் என்பதை அறிந்தவர் அவர். மேசைவிரிப்பின் ஓரத்தை மட்டும் இறுகப் பற்றியிருந்தார்.

"முன்னாடி ஏழு பேர் ஏன் போனாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் தம்பி.

"அதையெல்லாம் கேட்டா தொழில் நடக்குமா சார்? போறவன் போவான், வர்றவன் வருவான்."

தம்பி கேப்டனைப் பார்த்தார். கேப்டனோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி திரும்பிவந்து, அக்காளின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சந்தோஷமா?"

"இல்லடா."

"அந்த ஏழு பேருக்கும் என்ன ஆச்சுன்னு உனக்கும் தெரியாது. ஒருவேளை ஒண்ணுமே ஆகாம, நல்ல படகாவே இருந்திருந்தா?"

அம்மையார் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

"அப்ப நான் உன் பிழைப்பைக் கெடுத்தவதான். வீட்டுக்கு வந்து உம் பொண்டாட்டிகிட்ட அதை நானே சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுங்க. கரையில நின்னு திட்டுங்க, அது போதும்."

"அவ திட்டினா நீ தாங்க மாட்ட."

"பேசறதை நிறுத்திட்டான்னு சொன்னியே. என்னைப் பார்த்தாவது வாய் திறக்கட்டும்" என்று சொல்லிக் கைப்பையை எடுத்தார்.