எலுமிச்சம்பழத்தின் மேல் மட்டும் ஓடிய கார்

கரையான்சாவடியில் எங்கள் எதிர்வீட்டு ஏகாம்பரம் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பரம்பரையில் முதல் கார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் லேத் ஓட்டியவர். காரைக் கொண்டாடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஓட்டவே மாட்டேன் என்றால் பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வருமா வராதா?

வெயில் என்றால் பெயிண்ட் வெளுத்துவிடும். மழை என்றால் சேறு. பூந்தமல்லி ரோட்டில் தண்ணி லாரி இடித்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஓரடி முன்னால் எடுத்து நசுக்குவார். ஓரடி பின்னால் விட்டு நிறுத்திவிடுவார். அவ்வளவுதான் பயணம்.

வாரண்டி முடியப்போகிறது, நீட்டித்துக்கொள்ளுங்கள் என்று சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லட்சம் கிலோமீட்டர் வாரண்டிமா. நான் நாப்பதுதான் ஓட்டிக்கீறேன். மிச்சம் என் பேரன் காலம் வரிக்கும் வரும்" என்று வைத்துவிட்டார்.

மகள் ரோஷினி பிரசவத்துக்கு வந்தாள். சம்பந்தி வீட்டார் முன்னால் ஏகாம்பரம் வாக்குக் கொடுத்தார்: "கொயந்த ஆஸ்பத்திரிலேர்ந்து நம்ம வண்டிலதான் ஊட்டுக்கு வரும்." இதற்காகத்தான் காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டிஸ்சார்ஜ் அன்று காலை கார் ஸ்டார்ட் ஆனது, ஸ்டியரிங் திரும்பவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், அசையவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து மெக்கானிக் பால்ராஜ் வந்து பார்த்தார்.

"ஸ்டியரிங் மோட்டார்ல ஈரம் எறங்கி துரு புட்ச்சிக்கிச்சு அண்ணாத்தே. ஓட்டாம வெச்சா இப்டித்தான். வாரண்டி லட்சம் கிலோமீட்டர், இல்லாட்டி மூணு வருசம். எது முந்துதோ அதோட காலி. உனக்கு போன மாசமே வருசம் முந்திக்கிச்சு."

ஏகாம்பரம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பால்ராஜ் போனில் வண்டி நம்பரைத் தட்டினார். "இரு, நீட்டிச்சி வெச்சிக்கீறியே. காசில்லாம மாத்திக்கலாம். பார்ட் வர பத்து நாளு ஆவும்."

"யார் நீட்டிச்சது?"

"நான்தான்" என்றாள் அவர் மனைவி சுலோசனா. "மறுபடி போன் பண்ணாங்க, எடுத்தேன். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸிய பதினஞ்சு வருசம் பரண்ல வெச்சிருந்தே. எறக்குன அன்னிக்கு சுத்தல. இதுவும் அப்டித்தான் ஆவும்னு தெரியும்."

குழந்தை ஆட்டோவில் வந்தது. ஆட்டோவுக்குச் சம்பந்தியே காசு கொடுத்தார். ஏகாம்பரத்துக்கு அதுதான் தாங்கவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கார் சரியாகி வந்த மறுநாள் குழந்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும். லேசாகத் தூறியது. மனுஷன் திருந்தினாரா? ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். சுலோசனா ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள். மகளையும் குழந்தையையும் பின்னால் ஏற்றி, தான் முன் சீட்டில் உட்கார்ந்து, "எடு" என்றாள்.

எடுத்தார். இருபதில்தான் ஓட்டினாராம். டாக்டரைப் பார்த்தபிறகும் அவள் விடவில்லையாம், திருவேற்காடு வரை போய்த்தான் திரும்பினார்கள்.

சாயங்காலம் காரைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். "சுலோசனா ரோட்ட வேடிக்க பாத்து சிரிச்சிக்கினே வந்தாபா. மூணு வருசத்த வீணாக்கிட்டேன்."