கண்மாய்க் கரையில் அப்பாவின் தூக்கம்

தை மாதம் மூன்றாவது ஞாயிறு, அம்மா சித்தியின் வளைகாப்புக்காகக் கான்சாபுரம் போயிருந்தாள். வீட்டில் அப்பா, நான், எட்டு வயதுத் தம்பி முத்து, நாலு வயதுப் பாப்பா. சின்னப் பிள்ளைகளோடு ராஜபாளையத்திலிருந்து கிளம்பி அரை நாளில் மீன் பிடித்துத் திரும்ப முடியுமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் பாதி நேரம் வேறு எதையாவது பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்பாவுக்கு நூல் மில்லில் ஒரு வருடமாக நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்துவிட்டுப் படுப்பார். அவர் படுத்ததும் டிவி ஊமையாகிவிடும். குக்கர் வைப்பதுகூட அவர் எழுந்த பிறகுதான். அதனால் பாப்பாவுக்கு அப்பா என்றால் போர்வைக்குள் இருக்கிற ஒருவர். எழுந்து நடமாடும் அப்பாவைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

"சின்னவ என்னையக் கண்டா ஒளியுறா தாயி," என்று சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நாளைக்கு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறேன். எங்கிட்ட வாராளா இல்லையான்னு பாரு."

சொன்னபடி மறுநாள் காலை படுக்காமலே கிளம்பிவிட்டார். ஏழே முக்காலுக்கு டவுன் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். எனக்கும் பாப்பாவுக்கும் கட்டணம் கிடையாது. அப்பாவுக்குப் பத்து ரூபாய், முத்துவுக்கு ஐந்து.

பாதி வழியில், மண்புழுவெல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முத்து பவுடர் டப்பாவைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். முன் சீட்டு அக்கா காலைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஏலே, டிக்கெட் எடுக்காம இம்புட்டுப் பேரக் கூட்டிட்டு வாறீகளே!" பஸ்ஸே சிரித்தது. நானும் அப்பாவும் மண்டியிட்டுப் புழு பொறுக்கினோம். எனக்குத் தலை நிமிரவே கூச்சமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மடவார் வளாகம் தாண்டி, கண்மாய்க் கரை வரை ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். காவலுக்கு இருந்தவரிடம் அப்பா கேட்டார்: "அண்ணாச்சி, பிள்ளைக ஆசப்படுது. செத்த நேரம் தூண்டி போட்டுக்கிடட்டுமா?"

"தூண்டின்னா போடுங்க. வலைய எடுத்தீகன்னா நான் கம்ப எடுத்துருவேன்."

முதல் ஒரு மணி நேரத்தில் முத்துவின் தூண்டிலில் சிக்கியவை: அப்பாவின் வேட்டி, ஒரு கருவேலங்கிளை, மறுபடியும் அப்பாவின் வேட்டி. பாப்பாவின் ஒரு செருப்பு தண்ணீரில் மிதந்து போனது. அதைக் கரைக்கு ஒதுக்குகிறேன் என்று முத்து கல்லாக எறிந்தான். இருந்த மீனும் அக்கரைக்குப் போயிருக்கும். அப்பா கோபப்படவில்லை. தூண்டிலை நீட்டி, "வாம்மா, நீ பிடி," என்று பாப்பாவைக் கூப்பிட்டார். அவள் என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். மூன்று முறை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. கம்பைச் சேற்றில் குத்திவிட்டுப் புங்க மரத்தில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

எறியப்போன கல்லை முத்து ஓசைப்படாமல் தரையில் வைத்தான். பாப்பா உதட்டில் விரல் வைத்தாள். யாரும் சொல்லவில்லை; எங்கள் வீட்டுப் பழக்கம் அது.

அதன் பிறகுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். தண்ணீருக்குள் மேற்கு மலை தலைகீழாக நின்றது. அதன் உச்சியில் பஞ்சு போல மேகம், மேகத்தின் மேல் ஒரு நீர்க்காகம் நீந்திப் போனது. வெயில் இலைகளுக்குள்ளிருந்து பொட்டுப் பொட்டாக அப்பாவின் சட்டையில் அசைந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. நேரம் குறித்துக்கொண்டே வந்த நான் அங்கே மட்டும் மறந்துவிட்டேன்.

செருப்பு ரப்பரில் வெட்டிய தூண்டில் மிதப்பு ஒரு முறை முங்கி எழுந்தது. பாப்பாதான் முதலில் பார்த்தாள். மெல்லப் போய் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்தாள். மிதப்பு காணாமல் போனது. கம்பு வளைந்தது. அவள் கால் சேற்றில் வழுக்கியது. பத்தடி தள்ளி இருந்த நான் ஓடினேன், ஆனால் எனக்குக் குரல் வரவில்லை.

அவளுக்கு வந்தது. "எப்பா! எந்திரி! எப்பா!"

'எந்திரி' என்பது எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் அதுவரை சொல்லாத சொல். அப்பா கண்ணைத் திறக்குமுன்பே பாய்ந்துவிட்டார். ஒரு கால் கரையில், ஒரு கால் முழங்கால் வரை தண்ணீரில். அவள் கைக்கு மேல் தன் கையை வைத்து இழுத்தார். உள்ளங்கை அளவு ஜிலேபி மீன் ஒன்று புல்லில் துள்ளியது.

காவல்காரர் கம்போடு ஓடி வந்தார். "இம்புட்டுதானா? பாப்பா போட்ட சத்தத்துக்கு நான் முதலைன்னுல்லா நெனச்சேன்!"

பாப்பா அவருக்குப் பயந்து ஒளிந்தாள். அப்பாவின் பின்னால்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து மீன் கதையை அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் தூங்கிக்கொண்டே "ம்" கொட்டினார்.

போகிறவர்கள் எட்டரைக்குள் கரைக்குப் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. புழு டப்பாவுக்குத் திருகு மூடி அவசியம். பிள்ளைகளுக்கு மாற்றுச் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கரை வழுக்கும், பிள்ளைகளை விட்டுப் பத்தடி தள்ளி நிற்காதீர்கள். காவலுக்கு இருப்பவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அப்பாவுக்கு இன்னும் நைட் ஷிப்ட்தான். மறுநாள் மத்தியானம் பாப்பா அவர் போர்வையைத் தூக்கி, "எப்பா, எந்திரி," என்றாள். ஊரிலிருந்து திரும்பியிருந்த அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அப்பா கண்ணைத் திறக்காமல் கொஞ்சம் நகர்ந்து படுத்து, அவளுக்கு இடம் விட்டார்.