பதிமூன்றாவது மரை

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது எனக்கு. பட்டப்பகலில், என் பட்டறையில்.

பழைய இங்கிலீஷ் கார்களை ரிப்பேர் செய்வது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் அண்ணனும். எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் ஒரு வளைவில் காரைச் சுவரில் மோதினான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்தான். எப்போதாவது குடிப்பவன்தான். அன்றும் குடித்துவிட்டுத்தான் ஓட்டினான் என்று எல்லாரிடமும் சொன்னவன் நான். கோபத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கார்களின் அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்குப் பன்னிரண்டு மரை இருக்கும். விட்வொர்த் மரை என்பார்கள். எங்களுக்குக் கடையில் சுலபமாகக் கிடைப்பதில் பதிமூன்று. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கையால் மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் ஏறிவிடும், ஆனால் உள்மரையைத் தின்றுவிடும். ஒருநாள் பிடி விட்டுப்போகும். அதனால் அண்ணன் ஒவ்வொரு போல்ட்டையும் நகத்தால் கீறி, வாய்விட்டு எண்ணித்தான் போடுவான். மரை கழன்ற கேஸ் என்று கேலி செய்வேன்.

அன்று ஒரு டாக்டரின் கார் நின்றது. ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு மலைக்குக் கிளம்ப வேண்டுமாம். ஸ்டியரிங் போல்ட் ஒன்று போயிருந்தது. சரியானது வர மூன்று வாரம் ஆகும். கடை போல்ட் போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து பதிமூன்று மரை போல்ட் ஒன்றை எடுத்து ஏற்றினேன். மணி 3.40.

கை கழுவப் போனேன். முதுகுக்குப் பின்னால் சத்தம். கிர்ர்... கிர்ர்...

வந்து பார்த்தால் போல்ட் மேஜை மேல் இருந்தது. கிரீஸ் துடைத்திருந்தது. மறுபடி ஏற்றினேன், முழு பலத்தோடு. மணி 3.52.

ஷட்டரை இறக்கினேன். உள்ளே நான் மட்டும்.

மணி 4.01. போல்ட் மறுபடி மேஜை மேல்...

எடுத்தேன். சூடாக இருந்தது.

காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

ஒவ்வோர் எண்ணுக்கும் என் கையில் போல்ட் அதிர்ந்தது.

“பதினொண்ணு... பன்னெண்டு...”

நிற்கவில்லை.

“பதிமூணு.”

நின்றது.

கார் இன்று கிடைக்காது என்று டாக்டருக்குப் போன் செய்துவிட்டு நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. அண்ணி உள்ளே கூப்பிடவில்லை. சுவரில் அண்ணன் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கடைசியில் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

“எண்ணிக்கிட்டே இருந்தாரு. ஒண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும், திரும்பத் திரும்ப. நீங்க சொன்ன மாதிரி போதையில உளர்றாருன்னுதான் நெனச்சேன்.”

அண்ணன் ஓட்டிப்போன காருக்கு ஸ்டியரிங் போல்ட் போட்டது நான். அதே டப்பாவிலிருந்து.

அதை அண்ணியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுவரை.